கீழ்வரி அக்கா

நிறுவனங்களை ஆராய்ந்து முதலீட்டாளர்களுக்கு அறிக்கை எழுதும் எங்கள் அலுவலகத்தில் ஒரு கணக்கை இரண்டு பேர் செய்வார்கள். ஒருவர் பின்னத்தின் மேல்வரி, இன்னொருவர் கீழ்வரி. மேல்வரி என்றால் ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் ஈட்டிய லாபம். கீழ்வரி என்றால் அந்த லாபத்துக்காக அது தொழிலில் போட்டு வைத்திருக்கும் முதல். மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால், நூறு போட்ட இடத்தில் ஆண்டுக்கு எவ்வளவு முளைக்கிறது என்று தெரிந்துவிடும். அறிக்கையில் அதை மூலதனத்தின் மீதான வருவாய் என்று எழுதுவோம். பேச்சில் விளைச்சல் என்போம்.

கீழ்வரியைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது தேவைப்பட்டதில்லை. எங்களுக்கு அவர் கீழ்வரி அக்கா. நாற்பது வயது இருக்கும். பென்சிலால்தான் எழுதுவார், ஆனால் அழிப்பான் வைத்துக்கொள்ள மாட்டார். தப்பாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவார். அவருடைய தாள்கள் பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அவர் எங்கே யோசித்தார், எங்கே மனம் மாறினார் என்பதெல்லாம் அதில் தெரியும்.

மேல்வரிக்கு ஓர் அறை, கீழ்வரிக்கு ஓர் அறை. கணக்கு முடியும்வரை இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் முதலாளியின் சட்டம். அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் தனக்குப் பிடித்த விடை வரும்வரை மேலும் கீழும் திருகிக்கொண்டே இருந்தாராம். அந்தச் சூட்டில் பிறந்த சட்டம் இது. மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்படியில் விட்டால் உப்பு இரண்டு தடவை விழும், இல்லாவிட்டால் விழவே விழாது என்று புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்வார். நானும் முதல் நாள் கேட்டுச் சிரித்தேன். கடைசி நாளன்று நீள மேசையில் இரண்டு தாள்களும் ஒன்றாக வைக்கப்படும். அங்கேதான் வகுத்தல்.

அக்காவின் கதையை நான் துண்டுதுண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் வணிகவியல் படித்தவர். கணவர் ஓர் உடற்பயிற்சிக்கூடம் தொடங்கினார். அக்காவின் நகையும், அக்காவின் அப்பா வேலையைவிட்டு நின்றபோது கிடைத்த தொகையும் அதில் போயின. மூன்றாம் ஆண்டு கூடம் மூடியது. கணவர் வெளிநாட்டுக்குப் போனார். முதலில் வாரம் ஒரு தடவை கூப்பிட்டார், பிறகு மாதம் ஒரு தடவை, பிறகு அந்த எண்ணே மாறிவிட்டது. அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஒரு மாதம் இருக்கலாம் என்று வந்தவர். மகள் இப்போது பத்தாம் வகுப்பு.

அண்ணன் நல்லவர். அண்ணியும் கெட்டவர் இல்லை. ஆனால் அக்காவும் மகளும் படுக்கும் இடம் கூடத்தை ஒட்டிய சிறிய அறை. அதற்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். இஸ்திரி மேசை, பழைய மெத்தை, அண்ணன் பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அந்த அறையில்தான். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திரையை விலக்கிக்கொண்டு எதையாவது எடுக்க வருவார்கள். அது அவர்கள் வீடு, எடுக்கத்தானே செய்வார்கள் என்று அக்காவே சொல்வார்.

அந்த ஆண்டு முதலாளி ஆய்வுப் பிரிவின் தலைமைப் பொறுப்பை அக்காவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அறிக்கைகள் முடிந்ததும் கடிதம் கிடைக்கும். கடிதம் இருந்தால் வங்கி கடன் தரும். அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றை அக்கா பார்த்து வைத்திருந்தார். ஒருநாள் மதியம் என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். சன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். சமையலறையில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். அக்கா உள் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார், திறந்தார், மறுபடி போட்டார். "கொஞ்சம் இறுக்கமா இருக்கு. எண்ணெய் விட்டா சரியாயிடும்" என்றார்.

இனி விளையாட்டு உடை நிறுவனத்துக்கு வருகிறேன்.

ஓட்டக் காலணி, பனியன், கால்சட்டை, பை என்று எல்லாம் செய்து சொந்தக் கடைகளில் விற்கும் நடுத்தர நிறுவனம் அது. பேருந்துத் தொழிலாளர் ஓய்வூதிய நிதி எங்கள் பெரிய வாடிக்கையாளர். முந்தைய ஆண்டு எங்கள் அறிக்கையைப் படித்துத்தான் அந்த நிதி இந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்கியது. இந்த ஆண்டு அதை இரண்டு மடங்காக்கலாமா என்று வெள்ளிக்கிழமை அவர்கள் குழு கூடி முடிவு செய்யும். அதற்காக ஏழு ஆண்டு விளைச்சலை மறுபடி கணக்கிட வேண்டும். முந்தைய ஆண்டு மேல்வரி செய்தவர் முதலாளி. இந்த ஆண்டு அதை எனக்குக் கொடுத்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா வண்டிகளுக்கு வர்ணம் அடிப்பவர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்டால், கம்பெனிகள் உண்மையிலேயே சம்பாதிக்கின்றனவா என்று பார்க்கிறேன் என்பேன். அதை அவர்களே சொல்லமாட்டார்களா என்பார். பட்டம் வாங்கிவிட்டால் சந்தேகம் தீரும் என்று நினைத்திருந்தேன். எனக்கோ என்மேலேயே சந்தேகம் கூடியது. நான் போட்ட கூட்டலை நானே நம்பாமல் கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டுவேன்.

மேல்வரியில் முதலாளி வகுத்து வைத்த வழி ஒன்று உண்டு. ஒரே ஒரு தடவை நேர்ந்த நட்டத்தை லாபத்திலிருந்து கழிக்கக் கூடாது. வீட்டுக் கூரை புயலில் பறந்தால் அந்த மாதச் செலவை வைத்து அந்தக் குடும்பத்தை ஊதாரி என்று சொல்ல முடியுமா என்று கேட்பார். நியாயம்தான். இந்த நிறுவனம் ஏழு ஆண்டுகளில் மூன்று தடவை பெரிய தொகையைப் போக்கெழுதியிருந்தது. அதாவது, இனி இதிலிருந்து ஒன்றும் தேறாது என்று கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. முதலில் மூடிய கடைகளுக்காக நாற்பது கோடி. அடுத்து விற்காமல் தேங்கிய காலணிகளுக்காக அறுபது கோடி. பிறகு விலைக்கு வாங்கி ஓடாமல் போன ஒரு வெளிநாட்டு வணிகப் பெயருக்காக நூற்றிருபது கோடி. மூன்றையும் நான் ஒதுக்கிவைத்தேன். லாபம் முதல் ஆண்டில் அறுபது கோடி, ஏழாம் ஆண்டில் அறுபத்தெட்டு.

அக்காவின் கீழ்வரி முதல் ஆண்டில் நானூறு, கடைசியில் முந்நூற்று அறுபது. வகுத்தால் விளைச்சல் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து பத்தொன்பதாக ஏறியது. குறைந்த முதலில் கூடுதல் லாபம். முதலாளி தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று சொல்லி அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுக்கச் சொன்னார். அன்று செவ்வாய்க்கிழமை.

நான் வழக்கம்போல் என்னை நம்பவில்லை. இரண்டு தாள்களும் இப்போது என் கையில் இருந்தன. ஏழு ஆண்டு லாபத்தைக் கூட்டினேன். பங்குதாரர்களுக்குக் கொடுத்ததைக் கழித்தேன். மீதி நூற்றெண்பது கோடி. அது நிறுவனத்துக்குள்ளேயே தங்கியிருக்க வேண்டும். அப்படியென்றால் நானூறு, ஐந்நூற்று எண்பது ஆகியிருக்க வேண்டும். அக்காவின் தாளில் முந்நூற்று அறுபது. இருநூற்றிருபது கோடி காணவில்லை. ஏதோ ஓர் ஆண்டில் ஒரு சுழியை விட்டிருப்பேன் என்றுதான் நினைத்தேன். இரண்டு தடவை தேடிவிட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன்.

அக்கா என் தாளை வாங்கிப் பார்த்தார். நான் ஒதுக்கிவைத்த மூன்று தொகைகளில் விரல் ஒவ்வொன்றாக நின்றது. நாற்பது, அறுபது, நூற்றிருபது.

"இதை நீ லாபத்துல கழிக்கல."

"இல்லக்கா. சார் சொன்ன வழிதான்."

"நான் கீழ, முதல் தொகையில கழிச்சுட்டேன். கம்பெனியே கழிச்சிருந்துச்சு, அப்படியே எடுத்துக்கிட்டேன்" என்றார். பிறகு மெதுவாக, "ரெண்டு பேரும் சரியாத்தான் பண்ணியிருக்கோம்" என்றார்.

எனக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரம் ஆயிற்று. நட்டத்தை மேலே நான் சேர்க்கவில்லை, அதனால் லாபம் பெரிதாக நின்றது. அதே நட்டத்தைக் கீழே அவர் எடுத்துவிட்டார், அதனால் முதல் சிறிதானது. தொலைத்த பணம் லாபத்திலும் வலிக்கவில்லை, முதலிலும் வலிக்கவில்லை. நிறுவனம் தொலைக்கத் தொலைக்க எங்கள் தாளில் விளைச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. தொலைத்ததைத் திரும்பச் சேர்த்தால் அறுபத்தெட்டை வகுக்க வேண்டியது ஐந்நூற்று எண்பதால். பத்தொன்பது இல்லை, பன்னிரண்டுகூட முழுசாக இல்லை. ஏறிய கோடு இறங்கியது. ஒரே ஆள் இரண்டு வரியையும் செய்திருந்தால் உறுத்தியிருக்கும். தனித்தனி அறையில் உட்கார்ந்து ஒழுங்காக வேலை செய்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

முந்தைய ஆண்டு அறிக்கையிலும் இதே தவறு இருந்தது. அந்த மேல்வரி என்னுடையது இல்லை என்று நினைத்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் விரும்பவில்லை. ஆனாலும் வந்தது.

மதிய இடைவேளையில் அக்கா வெளியே கிளம்பினார், வருகிறாயா என்று கேட்டார். அந்த நிறுவனம் மூடிய கடைகளில் ஒன்று எங்கள் பேருந்துத் தடத்திலேயே இருந்தது. இப்போது அங்கே மெத்தைக் கடை. பெயர்ப்பலகையைக் கழற்றிய இடத்தில் ஆணித் துளைகளும், வெயில் படாத சுவரின் வெளிர் நிறமும் பழைய எழுத்துகளின் வடிவத்தில் அப்படியே இருந்தன. தரையில் ஓடுதளம் மாதிரி வரைந்த வெள்ளைக் கோடுகளின் மேல் மெத்தைகளை அடுக்கியிருந்தார்கள். அக்கா அந்தக் கோட்டைக் காலால் தொட்டுப் பார்த்தார். கடைக்காரர் மெத்தை ஒற்றையா இரட்டையா என்று கேட்டார். வீடு வாங்கின பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

திரும்பி நடக்கும்போதுதான் அவர் தன் கணவரின் உடற்பயிற்சிக்கூடத்தைப் பற்றி முதல் முறையாகச் சொன்னார். அது மூடிய பிறகு எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை, போனதை மறந்துடு, இனிமே இருக்கறதைப் பாரு என்பதுதானாம். "நல்ல வார்த்தைதான். ஆனா எங்கப்பா சாகுற வரைக்கும் வாடகை வீட்டுல இருந்தார். அவரால எப்படி மறக்க முடியும்? போட்டது போட்டதுதான் தம்பி" என்றார்.

முதலாளியிடம் அக்காவே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் தாள்களைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். நேர்மையற்ற மனிதர் இல்லை அவர். புதிய கணக்கையே அனுப்பலாம் என்று உடனே சொல்லிவிட்டார். ஆனால் கீழே சிறிய எழுத்தில், இந்த ஆண்டு முதல் கணக்கிடும் முறை மாற்றப்பட்டுள்ளது என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார். முறையை மாற்ற யாருக்கும் உரிமை உண்டு.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. முறை மாறியது என்றால் பழைய விடையும் அதன் வழியில் சரி என்று ஆகிவிடும். அதை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தோம் என்றே தெரியாமல் இருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்றார். பிழை என்ற வார்த்தை அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும், குழு கூடுவதற்கு முன்னால் நிதியின் செயலாளரிடம் நேரடியாகச் சொல்லிவிட வேண்டும்.

முதலாளியின் குரல் தாழ்ந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"யோசிச்சுப் பாரும்மா. பிழைன்னு நாமே எழுதிக் குடுத்துட்டு, அதே மாசம் உன்னை எப்படித் தலைமையில உட்கார வைப்பேன்? அவங்க கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க சார்."

"வீட்டுக்கு முன்பணம் குடுத்துட்டியா?"

"இல்ல சார். கடிதம் வரட்டும்னு இருந்தேன்."

அவர் தொலைபேசியை மேசையில் அக்காவின் பக்கம் நகர்த்தினார். அனுமதி கொடுத்தாரா, முடிந்தால் செய்து பார் என்றாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

செயலாளரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. பேருந்து நிலையத்தில் பேசிப் பழகிய உரத்த குரல். அக்கா இரண்டு கணக்கையும் சொன்னார், எங்கே தவறியது என்று சொன்னார். போன ஆண்டு அறிக்கையில் ஏறுகிறது என்று நாங்கள் எழுதிய விளைச்சல் ஏறவில்லை, இறங்குகிறது, இப்போது பன்னிரண்டுக்கும் கீழே. செயலாளர் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு இது யார் செய்த தப்பு என்று கேட்டார்.

எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொள்வார் என்று நான் பயந்தேன். முதலாளி அதை எதிர்பார்த்தாரோ என்னவோ.

"கீழ்வரி என்னோடது. அதுல இருக்கற தப்பு என் தப்பு. போன வருஷ மேல்வரியைப் பத்தி அதைப் பண்ணினவரே பேசுவார்" என்று சொல்லிவிட்டு, அக்கா தொலைபேசியை முதலாளியிடம் நீட்டினார்.

அவர் அதை உடனே வாங்கவில்லை. கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடுகிற சத்தம் வந்தது. பிறகு வாங்கினார். "நான்தான்" என்றார். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் மெதுவாகத்தான் பேசினார்.

வெள்ளிக்கிழமை குழு புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தது. வைத்திருப்பதில் பாதியை விற்கச் சொன்னது. எங்களை விட்டுப் போகவில்லை, ஆனால் ஐந்து ஆண்டுகளில் நாங்கள் அவர்களுக்குக் கொடுத்த எல்லா அறிக்கைகளையும் எங்கள் செலவில் மறுபடி சரிபார்த்துத் தரச் சொன்னது. தலைமைப் பொறுப்பு இந்த ஆண்டு யாருக்கும் இல்லை என்று முதலாளி அறிவித்தார். அடுத்த ஆண்டைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. மூன்றாம் மாடி வீட்டுக்காரர் இன்னும் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு புதிதாகக் கல்யாணமான ஒரு சோடி முன்பணம் கொடுத்துவிட்டது.

அதைக் கேட்டபோது, முறை மாற்றம் என்று ஒரு வரி போட்டிருந்தால் என்ன குடிமுழுகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். அக்காவின் இடத்தில் நான் இருந்திருந்தால், என் அப்பாவுக்குச் சொந்தக் கதவு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால், பிழை என்ற வார்த்தையை முதல் பக்கத்தில் எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான்.

அறிக்கைகளைச் சரிபார்க்க வார நாட்கள் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கட்டுத் தாள்களோடு அக்காவின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி எழுந்து வந்து, வேலை ஆபீசோடு முடிகிறதில்லையா என்று கேட்டுக்கொண்டே நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். திரைக்கு அப்பால் இஸ்திரி மேசைதான் எங்களுக்கு எழுதுமேசை. மகள் மெத்தைமேல் கால்மடக்கி உட்கார்ந்து, புத்தகத்தை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, எங்கம்மா தப்பு பண்ணிட்டாங்களாமே, நிஜமா?"

"பாதி" என்றேன்.

"பாதின்னு ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "கீழ்ப்பாதி, முழுசா."

மகள் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்போ இந்த வருஷப் பரீட்சைக்கும் இந்த டிவி சத்தத்துலதான் படிக்கணுமா?"

"ஆமா."

"காதுல வைக்கப் பஞ்சாவது வாங்கிக் குடும்மா" என்று சொல்லிவிட்டு அவள் புத்தகத்துக்குத் திரும்பினாள். அக்கா சிரிக்கவில்லை. அவள் தலையில் கையை வைத்தார், ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார், பிறகு பென்சிலை எடுத்தார்.

நான் மேல்வரியை உரக்க வாசித்தேன், தொலைக்காட்சியைத் தாண்டிக் கேட்க வேண்டுமே. அவர் கீழ்வரியைச் சொன்னார். நடுவில் அண்ணன் மகன் திரையை விலக்கிக்கொண்டு வந்து சைக்கிளை எடுத்துப்போனான். நாங்கள் காலை மடக்கி வழிவிட்டோம். மதியத்துக்குள் நான்கு நிறுவனங்களைப் பார்த்தோம். மூன்று சரியாக இருந்தன. நான்காவது ஒரு சிமெண்டு நிறுவனம். அதில் மறுபடியும் அதே தவறு. மேலேயும் வலிக்காமல், கீழேயும் வலிக்காமல் ஒரு பெரிய தொகை காணாமல் போயிருந்தது.

அக்கா அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு அடித்தார். புதிய எண்ணைப் பக்கத்தில் எழுதினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, செயலாளர் அவர்களுக்கு என்று தொடங்கினார்.